எடில்சா தூங்குகிறார், நீங்கள்?

"அந்தக் குழாயை நிறுத்துறியா, இல்ல புடுங்கி உன் வாயிலயே சொருகட்டுமா?"

"காலையில பத்து மணிக்கு அவகாடோ விக்காம, ராத்திரி ரெண்டு மணிக்கா விக்கிறது தலைவரே?"

"ரெண்டு மணிக்கே வா. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். மொத்த வண்டியையும் நானே வாங்கிக்கறேன்!"

எடில்சா பராசா இரவு உடையோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, தள்ளுவண்டியை மறித்துக்கொண்டு நின்றாள். வண்டியின் உச்சியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் இந்தச் சண்டை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அவகாடோ! பழுத்த அவகாடோ! இன்னிக்குச் சாப்பாட்டுக்கு இன்னிக்குப் பழம், நாளைக்குச் சாப்பாட்டுக்கு நாளைக்குப் பழம்!" என்று வண்டிக்காரன் வில்ஃப்ரிடோவின் பதிவு செய்த குரலில் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. ஆக, எடில்சா ஒரே நேரத்தில் இரண்டு வில்ஃப்ரிடோக்களோடு சண்டை போட வேண்டியிருந்தது.

தெரு வழக்கம்போல இரண்டாகப் பிரிந்தது. "ராத்திரியெல்லாம் நோயாளியப் பாத்துட்டு வர்ற பொம்பளைடா, பாவம்" என்றது ஒரு வாசல். "அதுக்காக நாங்க பாட்டுப் போடாம, மிக்ஸி ஓட்டாம, நாய வாயக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காரணுமா?" என்றது எதிர் வாசல். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஜன்னலில் ஐஸ் பாக்கெட் விற்கிறவள் கட்சி சேர்ந்தால் பாதித் தெருவின் வியாபாரம் போய்விடும். என் ஜன்னலுக்கு நேர் எதிரே எடில்சாவின் ஜன்னல். ஆகவே பார்க்க மட்டும் செய்தேன்.

எங்கள் ஊர் பர்ரான்கியாவில் தூங்குவதே கஷ்டம்; பகலில் தூங்குவது என்பது கெட்ட பழக்கத்தில் சேர்த்தி. ஏழு மணிக்கு டியூட்டி முடிந்து, பஸ் பிடித்து எடில்சா வீடு வருவதற்குள் எட்டு ஆகிவிடும். ஒன்பதுக்கு கேஸ் வண்டி மணி. பத்துக்கு வில்ஃப்ரிடோ. பன்னிரண்டுக்கு மூலை வீட்டுக்காரர் தன் ஆளுயர ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று சோதிப்பார். மழை பெய்தால் மட்டும் எங்கள் தெரு ஆறாகிவிடும். வண்டி வராது, ஆள் வராது. அன்றைக்கு மட்டும் எடில்சா தூங்குவாள். எங்கள் ஊரில் மழை எத்தனை நாள் பெய்யும் என்பது உங்களுக்கே தெரியும்.

அவள் எங்கள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் பித்தப்பை ஆபரேஷனுக்கு அங்கேதான் தேதி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் நர்ஸ்களைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவது. தலைவருக்குக் கீழே யாரும் கிடையாது. மேலேதான் நிறையப் பேர்.

ஆறு வருடமாக அவளுக்கு நைட் டியூட்டி. மற்றவர்களுக்கு மாறி மாறி வரும். இவளுக்கு மாறவே மாறாது. டியூட்டி போடுகிறவர் ஒருமுறை விளக்கம் சொன்னாராம்: "மத்தவங்களுக்குப் புருஷன், புள்ளைங்க இருக்கு எடில்சா. உனக்குத்தான் வீட்டுல யாரும் காத்துக்கிட்டு இல்லியே." உண்மைதான். புருஷன் சிலி நாட்டுக்கு வேலைக்குப் போனான். முதல் வருடம் பேசினான், இரண்டாம் வருடம் படம் அனுப்பினான், மூன்றாம் வருடம் அந்தப் படத்தில் வேறொரு பெண் இருந்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

சண்டை நடந்ததற்கு மறுநாள் காலை, எடில்சா வீட்டுக்குள் போகாமல் நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். தேங்காய் ஐஸ் ஒன்று கேட்டாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர, வாயில் வைக்கவில்லை. அது உருகி முழங்கை வரை ஒழுகியது.

"அக்கா, பதினாலாம் பெட்ல ஒரு பெரியவர். சக்கரைக்கு இன்சுலின் போடணும். ஊசிய எடுத்துட்டுப் போய் நிக்கறேன். அவர் சொல்றாரு, 'தலைவரே, இப்பத்தானே குத்திட்டுப் போனீங்க?'ன்னு."

"போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன். நோட்டுல எழுதியும் இருக்கேன். ஆனா எனக்கு ஞாபகமே இல்லக்கா." முழங்கையில் ஒழுகியதைச் சீருடையில் துடைத்தாள். "நல்லவேளை, அவருக்கும் தூக்கம் வரல. அவர் தூங்கியிருந்தா?"

அன்றே அவள் ஒரு விண்ணப்பம் எழுதினாள். மூன்றே வரி. எனக்குத் தூக்கம் இல்லை. இப்படியே போனால் யாரையாவது கொன்றுவிடுவேன். என்னைப் பகல் டியூட்டிக்கு மாற்றுங்கள்.

மூன்று வரி என்றால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் புரியாது. ஆகவே அதைப் புரிந்துகொள்ள ஒரு குழு அமைத்தார்கள். 'இரவுப் பணியாளர் உறக்க நலம் மற்றும் மனமகிழ்ச்சி மேம்பாட்டுக் குழு' என்று பெயர். தலைவர், டாக்டர் எவாரிஸ்தோ புமாரெஹோ. அவர் மருத்துவர் அல்ல. டை கட்டியவர்கள் எல்லோரும் எங்கள் ஊரில் டாக்டர்தான். அதற்கு முன்பு அவர் ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு வாங்கும் பிரிவில் இருந்தார். விரிப்பைப் பற்றித் தெரிந்தவருக்குத் தூக்கத்தைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று நிர்வாகம் நினைத்திருக்க வேண்டும்.

குழுவின் முதல் வேலை, பயிலரங்கு. 'நல்லுறக்கத்தின் ஏழு படிகள்'. செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி முதல் இரண்டு மணி வரை. நைட் டியூட்டி பார்த்தவர்கள் கட்டாயம் வர வேண்டும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு ஐஸ் கொடுப்பது நான்தான். கூட்ட அரங்கின் பின்கதவு கேன்டீனுக்குள்தான் திறக்கும். அது சரியாகச் சாத்தாது.

பத்தொன்பது நர்ஸ்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்து, எழுந்து, மறுபடி பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் புமாரெஹோ மைக்கைப் பிடித்தார்.

"அன்புச் சகோதரிகளே! தூக்கம் வரவில்லை என்று நிர்வாகத்தைக் குறை சொல்வது சுலபம். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதரை மணிக்குப் படுப்பேன். காலை ஆறரைக்கு எழுவேன். இருபது ஆண்டுகளாக ஒரு நாள் தவறியதில்லை. என் மனைவி இருந்தவரை அவரும் அப்படித்தான். எப்படி முடிகிறது? ஒழுக்கம்! ஒழுக்கம் இருந்தால் உறக்கம் தானாக வரும்."

முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "டாக்டர், ஒன்பதரை மணிக்கு நாங்க வார்டுல இருக்கோமே?"

"அதுதான் பிரச்சினையின் வேர்!" என்று டாக்டர் மகிழ்ந்துபோனார். "அந்த நேரத்தில் நான் ஏன் விழித்திருக்கிறேன் என்று ஒவ்வொருவரும் உங்கள் மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள்."

நான்காவது படிக்கு வரும்போது நான்கு நர்ஸ்கள் தூங்கிவிட்டார்கள். அந்த நால்வருக்கும் மறுநாள் மெமோ வந்தது: 'உறக்க நலப் பயிலரங்கில் உறங்கி ஒழுங்கீனமாக நடந்துகொண்டது.' கடைசி வரை விழித்திருந்தவர்களுக்கு ஆளுக்கொரு தலையணை பரிசு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதில் ஆஸ்பத்திரி இயக்குநரின் படம். எடில்சா அதை ஜன்னல் படபடக்காமல் இருக்க இடுக்கில் செருகி வைத்திருந்தாள்; இயக்குநர் பாதி முகத்தோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது உறக்கப் பதிவேடு. பச்சை அட்டை போட்டது. தூங்கும் ஒவ்வொரு மணி நேரமும் எப்படி இருந்தது என்று அந்தந்த மணி முடிவிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தமாக எழுந்த பிறகு எழுதினால் செல்லாது. ஆகவே மணிக்கொருமுறை அலாரம் வைத்துக்கொள்ளும்படி சுற்றறிக்கை. இனி அவள் வீட்டுக்குள்ளேயே ஒரு வில்ஃப்ரிடோ.

ஒரு மாதம் கழித்து எடில்சா பதிவேட்டைக் கொடுத்தாள். ஒரே ஒரு வியாழக்கிழமை தவிர எல்லாப் பக்கமும் காலி. டாக்டர் புமாரெஹோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை ஐந்து மணி நேரம் தூங்கியிருக்கீங்களே எடில்சாம்மா?"

"அன்னிக்கு மழை டாக்டர். தெருவுல வெள்ளம்."

"அப்படின்னா உங்களால தூங்க முடியுது. குறை உங்ககிட்ட இல்ல, டியூட்டிலயும் இல்ல. வானிலைலதான். வானிலை எங்க துறை கிடையாது."

"மத்த இருபத்தொன்பது நாளும் தூங்கலையே டாக்டர்?"

"நீங்க சொல்றீங்க. ஆதாரம்?"

ஆதாரத்துக்கு வழி சொன்னார். பக்கத்தில் வசிக்கும் இரண்டு சாட்சிகள், நோட்டரி முன்னால் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எங்கள் நாட்டில் உயிரோடு இருக்கிறோம் என்பதற்கே நோட்டரியிடம் போய் முத்திரை வாங்கித்தான் ஓய்வூதியம் வாங்குகிறோம். தூக்கத்துக்கு மட்டும் என்ன விதிவிலக்கு? நோட்டரி ஆபீஸ் காலை எட்டு முதல் பன்னிரண்டு. பிறகு இரண்டு முதல் ஐந்து. அவள் தூங்க வேண்டிய நேரமாகப் பார்த்துத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு சாட்சி நான். இன்னொரு சாட்சிக்குத் தெருவில் யாரும் வரவில்லை. "நாங்க எங்கங்க அவங்களைப் பாத்தோம்?" என்றார்கள். பத்து மணிச் சண்டையை விட்டால், அது பொய்யும் இல்லை. ஆறு வருடமாக அவர்கள் எழுந்திருக்கும்போது அவள் படுக்கப் போவாள். அவர்கள் நாற்காலியைத் தெருவில் போட்டு அரட்டைக்கு உட்காரும்போது அவள் வெள்ளைச் சீருடையில் பஸ்ஸுக்கு நடப்பாள். பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. 'அந்த வெள்ளை' என்பார்கள். கடைசியில், "நான் வர்றேன்" என்றது ஒரு குரல். வில்ஃப்ரிடோ. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வண்டியை என் வாசலில் கட்டிவிட்டு வந்தான்.

நோட்டரி ஆபீஸில் குமாஸ்தா செனித், நகச்சாயம் காய்ந்துகொண்டிருந்ததால் விரல்களை விரித்தபடியே பேசினாள்.

"இந்தம்மா தூங்கலைங்கறத நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றேன்.

"எப்படி?"

"ஜன்னல் வழியாத்தான். திரை ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு."

எடில்சா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நடக்காத விஷயத்துக்குச் சாட்சி சொல்ல முடியாதும்மா" என்றாள் செனித். "தூங்கினாங்கன்னு சொல்லலாம். தூங்கலன்னு சொல்ல ஃபார்மே கிடையாது."

வில்ஃப்ரிடோ முன்னால் வந்தான். "மேடம், நான் அவகாடோ விக்கிறவன். தெனமும் பத்து மணிக்கு இவங்க வாசலுக்கு வருவேன். ஆறு வருஷமா, ஒரு நாள் விடாம, வெளிய வந்து என்னைத் திட்டுறாங்க. எங்க அம்மாவ, எங்க அம்மாவோட அம்மாவ, என் வண்டிச் சக்கரத்த, எல்லாத்தையும் வரிசை தப்பாம திட்டுறாங்க. தூக்கத்துல யாராவது இவ்வளவு தெளிவாத் திட்டுவாங்களா மேடம்?"

செனித்துக்கு அது நியாயமாகப் பட்டது. 'மேற்படி நபர் மேற்படி நேரத்தில் விழித்திருந்து வசைபாடுவதை நேரில் அனுபவித்தவர்' என்று தட்டச்சு செய்தாள். மூன்று பேரின் கட்டைவிரல் ரேகை, பதினோரு முத்திரை. வெளியே வந்ததும் வில்ஃப்ரிடோ தலையைச் சொறிந்தான்.

"தலைவரே, அதையெல்லாம் எழுத்துல பாத்த பிறகுதான் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. குழாயக் கொஞ்சம் சின்னதா வெச்சுக்கறேன்."

"போடா" என்றாள் எடில்சா. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வாக்குமூலத்தைப் பார்த்த குழு, விஷயம் தீவிரமானது என்று ஏற்றுக்கொண்டு பரிசோதனைக்கு எழுதியது. ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில் புதிதாக உறக்கப் பரிசோதனைக் கூடம் திறந்திருந்தார்கள். ஒரே அறை, ஒரே கட்டில், ஏசி. நாடா வெட்டிய நாள் முதல் அதில் யாரும் படுத்ததில்லை. எடில்சாவுக்கு ஒரு நாள் டியூட்டி விடுப்புக் கொடுத்து, தலையிலும் மார்பிலும் இருபத்திரண்டு ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள்.

அவள் பதினோரு மணி நேரம் தூங்கினாள். புரளக்கூட இல்லை. காலையில் எழுப்ப முடியாமல், கீழ்மாடியிலிருந்து இதய டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

அறிக்கை வந்தது: 'மிகச் சிறப்பான உறக்கம். இந்த மாவட்டத்தில் பதிவான மிக உயர்ந்த தரம்.' உண்மைதான்; பதிவானதே அது ஒன்றுதான். ஆகவே உறக்கமின்மை என்ற புகார் நிராகரிக்கப்படுகிறது. மேற்படி நர்ஸ் நைட் டியூட்டிக்கு மிகத் தகுதியானவர்.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். போக வேண்டிய வேலை ஒன்றும் இல்லை; ஆனால் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பது திரைக்கிழிசலில் தெரிந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றில் அவள், இன்னொன்றில் மடித்து வைத்த சீருடை. அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏன்டீ அப்படித் தூங்கின? ஒரு நாள் தாக்குப் பிடிச்சிருக்கக் கூடாதா? கண்ணுல மிளகாயத் தேச்சுக்கிட்டாவது?"

"அக்கா, அங்க ஒரு வயசான டெக்னீஷியன் இருந்தாரு. ஒயரெல்லாம் ஒட்டி முடிச்சுட்டு, போர்வைய இழுத்து விட்டாரு. 'நீங்க தூங்குங்கம்மா. நான் இங்கதான் முழிச்சு உக்காந்திருப்பேன்'னாரு."

நான் மடியிலிருந்த சீருடையின் மடிப்பை நீவிவிட்டேன்.

"ஆறு வருஷமா அத நான்தான் எல்லாருக்கும் சொல்றேன். எனக்கு யாரும் சொன்னதில்ல." சீருடையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "அதுக்கப்புறம் ஒண்ணும் ஞாபகமில்லக்கா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கதை இதோடு முடிந்திருந்தால் சாதாரண அநியாயம். ஆனால் டாக்டர் புமாரெஹோவுக்கு அந்த அறிக்கையின் அருமை தெரிந்துவிட்டது. ஐந்து மாதத் திட்டத்தில் கைக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது. எடில்சாவை 'ஆண்டின் முன்மாதிரி உறங்குநர்' என்று அறிவித்தார். சோதனையின்போது எடுத்த படத்தைச் சுவரொட்டியாக்கி வார்டு வார்டாக ஒட்டினார்கள்: கண்மூடிய எடில்சா, தலை நிறைய ஒயர்கள், கீழே பெரிய எழுத்தில், 'எடில்சா தூங்குகிறார், நீங்கள்?' பதினாலாம் பெட்டுக்கு நேர் எதிரே ஒன்று. இரவு முழுக்க எடில்சா, தூங்குகிற எடில்சாவின் முன்னால் விழித்திருந்து வேலை பார்த்தாள்.

விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. அவள் பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து, வீட்டுக்குப் போகாமல் அங்கேயே காத்திருந்து மேடைக்கு வந்தாள். பார்வையாளர் வரிசையில் நானும் வில்ஃப்ரிடோவும். சாட்சிகள் என்ற முறையில் அழைப்பு வந்திருந்தது. கழுத்தில் பதக்கம் போட்டார்கள், மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அரங்கில் ஏசி. டாக்டர் புமாரெஹோ பேச ஆரம்பித்தார்.

"நான் அதிகம் பேசப்போவதில்லை" என்று அவர் சொன்ன இருபதாவது நிமிடத்தில் எடில்சாவின் தலை மெல்லச் சாய்ந்தது. இருபத்திரண்டாவது நிமிடத்தில் குறட்டை மைக்கில் விழுந்தது. அரங்கம் மூச்சை அடக்கியது. பயிலரங்கில் தூங்கினால் மெமோ. விழாவில் தூங்கினால் என்னவோ?

டாக்டர் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு கையை அகல விரித்தார்.

"பாருங்கள்! வார்த்தை எதற்கு? எந்த இடத்திலும், எந்த நேரத்திலும், எந்தச் சத்தத்திலும்! இதுதான் நமது திட்டத்தின் வெற்றி!"

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவள் எழவில்லை. இயக்குநர் அவளோடு படம் எடுத்துக்கொண்டார். தேசிய கீதத்துக்கு எல்லோரும் நின்றார்கள். அவள் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு பிஸ்கட்டும் கருப்புக் காபியும் கொடுப்பதாகச் சொன்னதும் அரங்கம் காலியானது. யாரும் அவளை எழுப்பவில்லை. எழுப்புவது யார் பொறுப்பு என்று நிகழ்ச்சி நிரலில் இல்லை.

நானும் வில்ஃப்ரிடோவும் மட்டும் இருந்தோம். துப்புரவுப் பெண் வந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். காவலாளி வந்து, "அரங்கைப் பூட்டணும், ரெண்டு மணிக்கு மேல அனுமதி இல்ல" என்று குரல் கொடுத்தான். வில்ஃப்ரிடோ, தெருவெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிற வில்ஃப்ரிடோ, வாயில் விரலை வைத்து, "ஷ்ஷ்" என்றான். என்னிடம் கிசுகிசுத்தான்:

"நீங்க போறதுன்னா போங்க நுபியாக்கா. நான் முழிச்சு உக்காந்திருக்கேன்."

அவனுக்கு அந்த டெக்னீஷியன் கதை தெரியாது. நான் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். நானும் போகவில்லை.

ஐந்து மணிக்கு அவள் கண் விழித்தாள். காலி அரங்கைப் பார்த்தாள், பதக்கத்தைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். "எத்தனை மணி?" என்றாள். சொன்னோம். "டியூட்டிக்கு ரெண்டு மணி நேரம் இருக்கு" என்று எழுந்து கழுவப் போனாள்.

அந்தப் பதக்கமும் சான்றிதழும் வீணாகவில்லை. மக்தலேனா ஆற்றின் மேல்புறம் ஒரு சின்ன ஊரில் சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் கேட்டிருந்தார்கள். பகல் வேலை, நான்கு மணிக்குப் பூட்டு. பதினேழு பேர் விண்ணப்பித்ததில், உறங்கியதற்கு அரசு முத்திரையோடு சான்று வைத்திருந்தவள் எடில்சா ஒருத்திதான். "ஆரோக்கியமான ஆளாத் தெரியுது" என்று எடுத்துக்கொண்டார்களாம். ஒரு நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் ஆள் போடவில்லை. அந்த வார்டில் இரவில் அவள் சுவரொட்டிதான் டியூட்டி பார்க்கிறது.

டாக்டர் புமாரெஹோ, வாக்குமூலத்தைச் சரிபார்க்கிறேன் என்று நோட்டரி ஆபீஸுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர், கடைசியில் செனித்தைக் கல்யாணம் செய்துகொண்டார். திட்டத்தை நாடு முழுக்கப் பரப்ப அவரைத் தலைநகருக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் மாடிக்குக் கீழே பேக்கரியாம். விடிய விடிய மாவு பிசைகிற மெஷின் ஓடுமாம். டாக்டருக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லையாம். செனித்தின் தங்கை சொன்னாள். ஒழுக்கம் குறைந்திருக்கலாம்.

வில்ஃப்ரிடோவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பத்து மணிக்கு வருகிறான். எடில்சாவின் வீட்டுக்கு முன்னால் வந்ததும் குழாயை அணைத்துவிடுகிறான். வீடு தாண்டித்தான் மறுபடி போடுகிறான். அங்கே இப்போது ஒரு ஆசிரியர் குடும்பம். அவர்கள் ஏழு மணிக்கே பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எடில்சா போன் செய்தாள். வேலை நன்றாக இருக்கிறதாம். மீன் மலிவாம். இரவு படுத்தால் ஆற்றுத் தண்ணீர் போகிற சத்தம்கூடக் கேட்காதாம்.

"அப்புறம் என்னடீ, நல்லாத் தூங்கலாமே?"

"படுக்கறேன்க்கா. ரொம்ப அமைதியா இருக்கு. இங்க யாரும் யாரையும் திட்டறதில்ல. மணி பத்தாகப் போகுதில்ல? போனைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பிடிங்களேன்."

பிடித்தேன். வண்டி மூலை திரும்பியது, சத்தமாக வந்தது, அந்த வீட்டை நெருங்கியதும் கப்பென்று நின்றது. சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது.

"அக்கா, ஒண்ணும் கேக்கலையே?"

நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினேன். "டேய் வில்ஃப்ரிடோ! அந்தக் குழாயைப் போடுடா!"

"எதுக்குக்கா?"

"போடுன்னா போடு! முழுசா வை!"

வைத்தான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து தெருவே எழுந்து வந்து அவனையும் என்னையும் சேர்த்துத் திட்டியது. நான் போனை நீட்டிப் பிடித்தபடியே நின்றேன், கை கடுக்கும் வரை. பிறகு காதில் வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் பதில் இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும், சீராக, அன்று விழாவில் மைக்கில் விழுந்த அதே குறட்டைக்குக் கொஞ்சம் முந்தைய சத்தம், கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைக்காமல் ஜன்னல் கட்டையில் சாய்த்துவிட்டு, ஐஸ் விற்க உட்கார்ந்தேன்.